மாடியில் லினக்ஸ், கீழே விண்டோஸ்: வீட்டுக்குள் ஃபைல் பகிர்வு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீடு பழைய வண்ணாரப்பேட்டையில். கீழே சித்தப்பாவின் கடை. பட்டன், ஜிப், லைனிங் துணி வியாபாரம். பில் போடும் கணினியில் முன்பு விண்டோஸ் 10, இப்போது 11. மாடியில், ரிச்சி ஸ்ட்ரீட்டில் செகண்ட் ஹேண்டாக வாங்கிய ஒரு பழைய பெட்டி. அதில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம். கடைக் கணக்கு, குடும்பப் போட்டோ, பிள்ளைகளின் பாடம் எல்லாம் மாடிப் பெட்டியில்தான் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே ஃபைல் போய் வந்தால் போதும். பல வருஷமாகப் போய் வந்துகொண்டிருக்கிறது, நடுநடுவே நின்றும் போகிறது. தெருவில் யார் வீட்டில் இதே கூத்து நடந்தாலும் என்னைக் கூப்பிடுகிறார்கள். அப்படி அவர்கள் கேட்டவைதான் இந்தக் கேள்விகள்.

கட்டளைகளையும் ஃபைல் பெயர்களையும் ஒலிக்கிறபடி தமிழில் எழுதியிருக்கிறேன். கணினியில் அடிக்கும்போது ஆங்கில எழுத்தில், இடைவெளி மாறாமல் அடியுங்கள்.

சாம்பா, எஸ்எம்பி என்கிறார்களே, இரண்டும் ஒன்றா?

எஸ்எம்பி என்பது கணினிகள் ஒன்றோடொன்று ஃபைல் பகிரப் பேசும் மொழி. சாம்பா என்பது அந்த மொழி பேசத் தெரிந்த லினக்ஸ் மென்பொருள். 1983 வாக்கில் ஐபிஎம்மில் பேரி ஃபைகன்பாம் என்பவர் உருவாக்கியது எஸ்எம்பி. பிறகு மைக்ரோசாஃப்ட் அதை எடுத்துத் தன் வழியில் வளர்த்தது. ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் மாணவராக இருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல், 1991 கடைசியில், வயரில் ஓடும் தகவலை ஒட்டுக்கேட்டு அதைப் போலவே பேசும் ஒரு நிரலை எழுதினார். முதலில் அவர் வைத்த பெயரை வேறொரு நிறுவனம் ஏற்கனவே பதிவு செய்திருந்தது. எஸ், எம், பி மூன்று எழுத்தும் அந்த வரிசையில் வரும் சொல் எதுவென்று அகராதிக் கோப்பில் தேடியபோது கிடைத்ததுதான் சாம்பா. பிரேசில் நடனத்துக்கும் இதற்கும் வேறு சம்பந்தம் இல்லை.

ஃபைல் வரவில்லை. எங்கிருந்து பார்க்க ஆரம்பிப்பது?

வெளியிலிருந்து உள்ளே வாருங்கள். நம் பக்கத்து லைன் வீடுகளை நினைத்துக்கொண்டால் போதும். முதலில் தெரு: இரண்டு கணினியும் ஒரே நெட்வொர்க்கில் இருக்கின்றனவா? அடுத்து பொது வாசல்: ஃபயர்வால் என்ற காவல் மென்பொருள், எஸ்எம்பி நுழையும் வழியான 445 என்ற போர்ட்டைத் திறந்திருக்கிறதா? அடுத்து, வருகிற ஆள் யாரென்று தெரியுமா: பெயர், பாஸ்வேர்டு. கடைசியாக அறைக் கதவு: அந்த ஃபோல்டரில் அவருக்கு உரிமை உண்டா?

நான் பார்த்த வரை ஆட்கள் செய்கிற ஒரே தப்பு, தெருவே சரியில்லாதபோது அறைப் பூட்டை நோண்டுவது. ஒரு வீட்டில் எல்லா ஃபோல்டருக்கும் 777, அதாவது யாரும் எதுவும் செய்யலாம் என்ற உரிமை கொடுத்து, ஃபயர்வாலை அணைத்து, கடைசியில் விண்டோஸையே புதிதாகப் போட்டிருந்தார்கள். அந்த லேப்டாப் பக்கத்து வீட்டு வைஃபையில் இணைந்திருந்தது.

லினக்ஸில் 'ஐபி ஏ', விண்டோஸில் 'ஐபிகான்ஃபிக்' அடித்து எண்களைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். 192.168.1.20, 192.168.1.35 என்று முதல் மூன்று பகுதியும் ஒத்துப்போனால், வீட்டு ரூட்டரைப் பொறுத்தவரை ஒரே தெரு. 169.254 என்று தொடங்கினால் ரூட்டரிடமிருந்து முகவரியே கிடைக்கவில்லை. கேபிளையோ வைஃபையையோ முதலில் கவனியுங்கள்.

விண்டோஸில் 'நெட்வொர்க்' திறந்தால் லினக்ஸ் பெட்டி தெரியவே இல்லை. சாம்பா ஓடவில்லையா?

ஓடிக்கொண்டே இருக்கலாம். அந்தப் பக்கத்தை நம்பவே நம்பாதீர்கள். அங்கே படம் தெரிவதும் ஃபைல் பகிர்வதும் வேறு வேறு வேலை. பழைய நாளில் எஸ்எம்பியின் முதல் பதிப்போடு ஒட்டிய ஒரு ஏற்பாடு அந்தப் பட்டியலைத் தயாரித்தது. அந்தப் பதிப்பு போனதும் பட்டியலும் போனது. இப்போது விண்டோஸ், டபிள்யூஎஸ்-டிஸ்கவரி என்ற வேறு முறையில் தேடுகிறது. சாம்பாவுக்கு அது தெரியாது.

எக்ஸ்புளோரரின் முகவரிப் பட்டையில் \\192.168.1.20 என்று நேராக அடியுங்கள். பின்சாய்கோடு இரண்டு. வந்துவிட்டால் பகிர்வில் கோளாறே இல்லை. அந்த ஃபோல்டரை டிரைவ் எழுத்தாக மேப் செய்துவிட்டு வேலையைப் பாருங்கள். பட்டியலில் தெரிந்தே ஆக வேண்டும் என்றால் லினக்ஸில் 'டபிள்யூஎஸ்டிடி' என்ற சிறு தொகுப்பை நிறுவினால் போதும். அதற்கு யுடிபி 3702, டிசிபி 5357 இரண்டும் திறந்திருக்க வேண்டும்.

லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குப் போக, ஃபைல் மேனேஜரில் 'எஸ்எம்பி' என்று போட்டு, முக்காற்புள்ளி, இரண்டு முன்சாய்கோடு, பிறகு எண். இங்கே சாய்கோடு மறுபக்கம் சாயும். பாதிப் பேர் இதில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

எண்ணைப் போட்டாலும் 0x80070035 என்று வருகிறது. பாதை கிடைக்கவில்லையாம்.

அப்படியானால் தெருவோ வாசலோ அடைத்திருக்கிறது. நம் பகுதியில் நான் அதிகம் பார்ப்பது இரண்டு ரூட்டர் தகராறு. கேபிள்காரர் கொடுத்த ரூட்டர் கீழே. மாடிக்கு சிக்னல் எட்டவில்லை என்று இன்னொன்று வாங்கி மாட்டியிருப்பார்கள். அது தன் பங்குக்கு வேறு முகவரிகளைக் கொடுக்கும். கீழே 192.168.1, மேலே 192.168.0. இன்டர்நெட் இரண்டிலும் வருவதால் யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் கீழே உள்ள கணினியால் மேலே உள்ளதை எட்டவே முடியாது, நடுவில் சுவர். இரண்டாவது ரூட்டரை 'ஆக்சஸ் பாயின்ட்' நிலைக்கு மாற்றுங்கள். அந்த வசதி இல்லாவிட்டால், அதில் டிஎச்சிபியை (முகவரி வழங்கும் வேலை) அணைத்து, முகவரி மோதாதபடி ஒரு எண்ணைக் கொடுத்து, வரும் கேபிளை இன்டர்நெட்டுக்கான வான் துளையில் செருகாமல் வீட்டுக் கணினிகளுக்கான லான் துளையில் செருகுங்கள்.

அடுத்த சந்தேகம் கெஸ்ட் வைஃபை. விருந்தாளிகளுக்கென்று உள்ள அந்த இணைப்பில் ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்கக் கூடாது என்பதுதான் ஏற்பாடே.

அப்புறம் ஃபயர்வால். விண்டோஸில் வீட்டு நெட்வொர்க் 'பப்ளிக்' என்று பதிவாகியிருந்தால் உள்ளே வருவது எல்லாம் தடுக்கப்படும். அதை 'பிரைவேட்' ஆக்குங்கள். உபுண்டு, மின்ட் வகை லினக்ஸில் ஃபயர்வால் ஓடினால் 'சுடோ யுஎஃப்டபிள்யூ அலவ் சாம்பா'. வாசல் திறந்ததா என்று பார்க்க விண்டோஸ் பவர்ஷெல்லில் 'டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன் 192.168.1.20 -போர்ட் 445'. கடைசி வரியில் 'ட்ரூ' வந்தால் வாசலைத் தாண்டியாயிற்று. எதிர்க்கணினி பதில் சொல்கிறதா என்று கேட்கும் 'பிங்' கட்டளையை மட்டும் நம்பி முடிவுக்கு வராதீர்கள். விண்டோஸ் பப்ளிக் நிலையில் பிங்குக்குப் பதிலே சொல்லாது.

நேற்று வரை நன்றாக ஓடியது. கரண்ட் போய் வந்ததும் போச்சு. ஏன்?

முகவரி மாறியிருக்கும். ரூட்டர் அணைந்து எழுந்ததும், யார் முதலில் கேட்கிறார்களோ அவருக்கு ஒரு எண்ணைத் தூக்கிக் கொடுக்கும். நேற்று லினக்ஸ் பெட்டிக்கு இருந்த 20 இன்று அத்தையின் செல்போனுக்குப் போயிருக்கும். ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் 'டிஎச்சிபி ரிசர்வேஷன்' என்ற இடத்தில், லினக்ஸ் பெட்டியின் மேக் முகவரிக்கு (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) ஒரே எண்ணை ஒதுக்கிவிடுங்கள். ஐந்து நிமிட வேலை. இந்தப் பக்கத்திலேயே மிக அதிகம் பலன் தரும் ஐந்து நிமிடம் இதுதான் என்பேன்.

எண்ணுக்குப் பதில் பெயரையும் பயன்படுத்தலாம். லினக்ஸில் பெயரை நெட்வொர்க்கில் அறிவிக்கும் 'அவாஹி' ஓடினால் பெயரோடு '.லோக்கல்' சேர்த்து விண்டோஸ் 10, 11இலிருந்து கூப்பிடலாம். பெயரை 15 எழுத்துக்குள் வையுங்கள். நெட்பயாஸ் என்ற பழைய பெயர் முறையின் கணக்கு இன்னும் சில இடங்களில் உயிரோடு இருக்கிறது.

லினக்ஸ் பாஸ்வேர்டைச் சரியாகத்தான் அடிக்கிறேன். விண்டோஸ் திரும்பத் திரும்பக் கேட்கிறதே?

லினக்ஸில் உள்நுழையும் பாஸ்வேர்டும் சாம்பாவின் பாஸ்வேர்டும் வேறு வேறு. சாம்பா தனக்கென்று ஒரு பதிவேடு வைத்திருக்கிறது. அதில் பெயர் ஏற்ற வேண்டும்: 'சுடோ எஸ்எம்பிபாஸ்டபிள்யூடி -ஏ' என்று போட்டு உங்கள் லினக்ஸ் பயனர் பெயர். அந்தப் பெயர் லினக்ஸில் முன்பே இருக்க வேண்டும். யார் யார் ஏறியிருக்கிறார்கள் என்று பார்க்க 'சுடோ பிடிபிஎடிட் -எல்'. இந்த 'எல்' பெரிய எழுத்து.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. உபுண்டு, டெபியனோடு வரும் அமைப்பில் 'மேப் டு கெஸ்ட் = பேட் யூசர்' என்று ஒரு வரி இருக்கும். பதிவேட்டில் இல்லாத பெயரோடு வந்தால் விருந்தாளியாக ஏற்றுக்கொள், இருக்கிற பெயரோடு தப்பான பாஸ்வேர்டு வந்தால் துரத்திவிடு என்று அர்த்தம். விண்டோஸோ, உங்களைக் கேட்காமலே, தான் உள்நுழைந்திருக்கும் பெயரையும் பாஸ்வேர்டையும் முதலில் நீட்டிப் பார்க்கும். அதனால் ஊர் பேர் தெரியாத ஆள் உள்ளே போய்விடுவார். வீட்டுக்காரர், பெயர் ஒன்றாகவும் பாஸ்வேர்டு வேறாகவும் இருப்பதால் வாசலில் நிற்பார். "என் வீட்டுக்குள்ள என்னையே விட மாட்டேங்குதுடா" என்று சித்தப்பா கத்தியது இதனால்தான்.

பாஸ்வேர்டை மாற்றியும் பழையதையே விண்டோஸ் அனுப்பினால், 'கிரெடன்ஷியல் மேனேஜர்' திறந்து அந்த முகவரிக்குச் சேமித்ததை அழியுங்கள். ஒரே சர்வருக்கு இரண்டு பெயரில் போக முடியாது என்று 1219 பிழை வந்தால், கமாண்ட் பிராம்ப்ட்டில் 'நெட் யூஸ் * /டிலீட்'. இது எல்லா மேப் டிரைவையும் கழற்றிவிடும், பயப்பட வேண்டாம்; திரும்ப மாட்டிக்கொள்ளலாம்.

லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குள் போக என்ன பாஸ்வேர்டு? நான்கு இலக்க பின் போட்டால் ஏற்கவில்லை.

பின் அந்தக் கணினியின் முன்னால் உட்கார்ந்து திறப்பதற்கு மட்டும். நெட்வொர்க் வழியாக வருகிறவருக்கு அது செல்லாது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்திருந்தால், பெயராக முழு மின்னஞ்சல் முகவரியையும், பாஸ்வேர்டாக அந்தக் கணக்கின் பாஸ்வேர்டையும் கொடுக்க வேண்டும். சில நேரம் இதுவும் வேலை செய்யாது, குறிப்பாகப் பாஸ்வேர்டே இல்லாத கணக்காக மாற்றியிருந்தால்.

இதோடு மல்லுக்கட்டுவதை நான் விட்டுவிட்டேன். விண்டோஸில் பகிர்வுக்கென்றே ஒரு லோக்கல் கணக்கு உருவாக்கிவிடுகிறேன். கமாண்ட் பிராம்ப்ட்டை நிர்வாகியாகத் திறந்து, 'நெட் யூசர்', பெயர், பாஸ்வேர்டு, '/ஏட்'. முடிந்தது. பாஸ்வேர்டை வெறுமையாக விடாதீர்கள். வெற்றுப் பாஸ்வேர்டுள்ள கணக்கை விண்டோஸ் நெட்வொர்க்கில் அனுமதிக்காது. பிறகு ஃபோல்டரின் 'ஷேரிங்' பக்கத்திலும் 'செக்யூரிட்டி' பக்கத்திலும் அந்தப் பெயருக்கு உரிமை கொடுங்கள். இரண்டில் எது கெடுபிடியானதோ அதுவே செல்லும்.

வீட்டுக்குள்தானே, பாஸ்வேர்டே இல்லாமல் திறந்து வைத்தால் என்ன?

முன்பு வைத்திருந்தோம். விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு வந்த பிறகு கீழேயிருந்து மாடிக்குப் போக முடியாமல் போனது. புரோ, எண்டர்பிரைஸ், எஜுகேஷன் வகைகளில் அந்தப் பதிப்பு முதல், ஒவ்வொரு செய்தியிலும் கையெழுத்து இருக்க வேண்டும் என்று விண்டோஸ் கேட்கிறது. கையெழுத்துக்கான சாவி பாஸ்வேர்டிலிருந்துதான் பிறக்கிறது. விருந்தாளியிடம் பாஸ்வேர்டு இல்லை, ஆகவே சாவியும் இல்லை. 'உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கை தடுக்கிறது' என்று திரையில் வரும். பட்டன் கடைக்கு ஏது நிறுவனக் கொள்கை என்று சித்தப்பா ஆச்சரியப்பட்டார்.

அந்தக் கெடுபிடியைத் தளர்த்த வழி இருக்கிறது. ஆனால் ஆளுக்கு ஒரு பெயர் ஏற்றுவது அதைவிடச் சுலபம். லைன் வீடுகளில் ஒரே வைஃபையை மூன்று குடித்தனம் பங்கு போடும் இடத்தில், திறந்த ஃபோல்டர் என்பது மாடிப்படியில் பீரோவை வைத்துப் பூட்டாமல் விடுவது மாதிரி.

எஸ்எம்பி 1ஐ ஆன் செய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று வீடியோக்களில் சொல்கிறார்களே?

செய்யாதீர்கள். 2017 மே மாதம் உலகம் முழுக்கக் கணினிகளைப் பூட்டிய வானாக்ரை என்ற பூட்டு வைரஸ் பரவியது அந்த முதல் பதிப்பின் ஓட்டை வழியாகத்தான். அந்த ஆண்டு அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 (1709) முதல், புதிதாக நிறுவும்போது அது சேர்ந்து வருவதில்லை. சாம்பாவும் 2019இல் வந்த 4.11 பதிப்பில் அதை இயல்பாக அணைத்துவிட்டது. விண்டோஸ் 7 கூட 2.1 பேசும். ஆக, முதல் பதிப்பு மட்டுமே தெரிந்தது விண்டோஸ் எக்ஸ்பியும் சில பழைய ஸ்கேனர்களும்தான்.

தண்டையார்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் எக்ஸ்பி கணினி ஒன்று இன்னும் ஓடுகிறது. அதில் உள்ள வரைபட மென்பொருள் வேறெதிலும் ஓடாது. அதை நெட்வொர்க்கில் இருந்தே பிரித்துவிட்டு, பென் டிரைவில் எடுத்துப் போகச் சொன்னேன். முணுமுணுத்தார்கள், ஆனால் செய்கிறார்கள்.

ஃபோல்டர் திறக்கிறது, படிக்கவும் முடிகிறது, எழுதத்தான் முடியவில்லை.

இப்போது அறைக்கு வந்துவிட்டீர்கள். சாம்பாவின் அமைப்பு '/ஈடிசி/சாம்பா/எஸ்எம்பி.கான்ஃப்' கோப்பில் இருக்கிறது. அதில் உங்கள் பகிர்வின் கீழே 'ரீட் ஒன்லி = நோ' இருக்கிறதா பாருங்கள்; எழுதாவிட்டால் படிக்க மட்டும் என்றே சாம்பா எடுத்துக்கொள்ளும். மாற்றிய பின் 'டெஸ்ட்பார்ம்' என்று அடித்தால் எழுத்துப்பிழையைக் காட்டிக்கொடுக்கும். பிறகு 'சுடோ சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் எஸ்எம்பிடி'.

சாம்பா விட்டாலும் லினக்ஸ் விட வேண்டும். அந்த ஃபோல்டர் யார் பெயரில் இருக்கிறதோ அவரே எழுத முடியும். வீட்டில் நான்கு பேர் பயன்படுத்தினால், ஒருவர் போட்டதை இன்னொருவர் திருத்த முடியாத சண்டை வரும். 'ஃபோர்ஸ் யூசர்' என்ற ஒரு வரியில் ஒரு பெயரைப் போட்டுவிட்டால், உள்ளே யார் வந்தாலும் ஃபைல்கள் அந்த ஒருவர் பெயரில் எழுதப்படும். யார் எதை அழித்தார்கள் என்று பிறகு கண்டுபிடிக்க முடியாது என்பது இதன் விலை.

பகிரும் ஃபோல்டர், ஹோம் எனப்படும் உங்கள் சொந்த ஃபோல்டருக்குள் இருந்தால் இன்னொரு சிக்கல். உபுண்டு 21.04 முதல் ஹோம் ஃபோல்டரின் உரிமை 750. மற்றவர் அதன் வழியாக நடந்துகூடப் போக முடியாது. உள்ளே இருக்கும் ஃபோல்டரை எவ்வளவு திறந்து வைத்தாலும் வழியில் கதவு சாத்தியிருக்கிறது. ஹோமைத் திறக்க வேண்டாம். '/எஸ்ஆர்வி' என்ற இடத்தில் தனி ஃபோல்டர் வைத்துப் பகிருங்கள். ஃபெடோரா என்ற லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு மட்டும்: இவ்வளவும் சரியாக இருந்தும் மறுத்தால் அது எஸ்இலினக்ஸ் என்ற கூடுதல் காவல். ஃபோல்டருக்கு 'சாம்பா_ஷேர்_டி' என்ற முத்திரை வேண்டும்.

லினக்ஸில் வலது கிளிக் செய்து பகிரும்போது 'நெட் யூசர்ஷேர்', 255 என்று பிழை வந்தால், உங்கள் பெயர் 'சாம்பாஷேர்' குழுவில் இல்லை. சேர்த்துவிட்டு, வெளியேறி மறுபடி உள்ளே வாருங்கள். வெளியேறாமல் பார்த்தால் அதே பிழைதான் வரும்.

விண்டோஸ் ஃபோல்டரை லினக்ஸில் நிரந்தரமாக மவுன்ட் செய்தேன். இப்போது பூட் ஆகும்போது தொங்குகிறது.

கரண்ட் வந்ததும் லினக்ஸ் பெட்டி எழுந்துவிடும், சித்தப்பா பத்து மணிக்குத்தான் கடை திறப்பார். அதுவரை அது யாரைத் தேடும்? எதெதை இணைப்பது என்று லினக்ஸ் பார்க்கும் 'எஃப்எஸ்டேப்' கோப்பில், அந்த ஃபோல்டருக்கான வரியில் 'நோஃபெயில்', 'எக்ஸ்-சிஸ்டம்டி.ஆட்டோமவுன்ட்' இரண்டையும் சேர்த்தால், யாராவது அந்த ஃபோல்டரைத் திறக்கும்போது மட்டும் தேடிப் போகும். 'யுஐடி=1000' (வழக்கமாக முதல் பயனரின் எண்) சேருங்கள், இல்லையென்றால் எல்லாம் ரூட் என்ற நிர்வாகியின் பெயரில் நிற்கும். பாஸ்வேர்டை அந்த வரியிலேயே எழுதாமல் தனிக் கோப்பில் எழுதி, அதற்கு 600, அதாவது உரிமையாளர் மட்டும் படித்து எழுதும் உரிமை கொடுங்கள். ஷேர் பெயரில் இடைவெளி இருந்தால் அங்கே \040 என்று போட வேண்டும்.

'பேட் ஆப்ஷன்' என்று திட்டினால் 'சிஃப்ஸ்-யூட்டில்ஸ்' நிறுவப்படவில்லை. 112, 'ஹோஸ்ட் இஸ் டவுன்' என்று வந்தால் எதிர்க்கருவி செத்துவிட்டது என்று நினைக்காதீர்கள். உயிரோடு இருந்துகொண்டே முதல் பதிப்பு மட்டும் பேசுகிற பழைய கருவிக்கும் இதே செய்திதான் வரும்.

தமிழில் பெயர் வைத்த சில ஃபைல்கள் மட்டும் மாடிப் பெட்டிக்குக் காப்பி ஆகவில்லை. தமிழ் தெரியாதா அதற்கு?

தெரியும். இடம்தான் போதவில்லை. எனக்குப் பிடித்த கேள்வி இது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

விண்டோஸ் ஒரு ஃபைல் பெயருக்கு 255 குறிகள் தருகிறது. லினக்ஸின் வழக்கமான டிஸ்க் வடிவமான இஎக்ஸ்டி4 தருவது 255 பைட். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் என்பதால் ஆங்கிலத்தில் பெயர் வைக்கிறவருக்கு வித்தியாசமே தெரியாது. தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். அதிலும் புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனிக் குறிகள். 'தமிழ்' என்ற மூன்று எழுத்துச் சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகள், 15 பைட். 'வண்ணாரப்பேட்டை' எண்ணிப் பார்த்தேன்: 14 குறிகள், 42 பைட். அதை ஆறு முறை ஒட்டி எழுதினால் 252. புள்ளியோடு சேர்த்து 'பிடிஎஃப்' வால் நான்கு பைட். மொத்தம் 256. ஒரு பைட்டில் வெளியே நிற்க வேண்டியதுதான்.

யாரும் அப்படிப் பெயர் வைக்க மாட்டார்கள் என்று தோன்றும். ஆனால் கல்யாணப் பத்திரிகைக்கு மணமக்கள், பெற்றோர், மண்டபம், தேதி எல்லாவற்றையும் பெயரிலேயே எழுதும் ஆட்களை எனக்குத் தெரியும். பெயரைச் சுருக்குங்கள், ஃபைல் ஏறிவிடும்.

இன்னொன்று: 'கொ' என்பதை க, ஒகரக் குறி என இரண்டு குறியாகவும் எழுதலாம், க, ஒற்றைக் கொம்பு, கால் என மூன்று குறியாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. ஒரே பெயரில் இரண்டு ஃபைல் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறதே என்று குழம்பினால், இரண்டு வெவ்வேறு விசைப்பலகை மென்பொருளில் அடித்திருக்கிறீர்களா என்று பாருங்கள். பெரிய எழுத்து, சின்ன எழுத்துக் குழப்பம் மட்டும் தமிழில் இல்லை, அதுவரைக்கும் லாபம்.

எந்த மொழியானாலும் கேள்விக்குறி, முக்காற்புள்ளி, உடுக்குறி, இரட்டை மேற்கோள் ஆகியவற்றை லினக்ஸில் பெயராக வைத்தால் விண்டோஸில் எட்டெழுத்துக் கிறுக்கல் பெயராகத் தெரியும். வைக்காமல் இருப்பதே மருந்து.

காப்பி ஆகிறது, ஆனால் மாட்டு வண்டி வேகம்.

முதலில் வைஃபையா கேபிளா? பழைய வீட்டின் தடித்த சுவரும், தெருவுக்கு ஐம்பது வைஃபையும் இருக்கும் நம் பக்கத்தில் பெரிய ஃபைலுக்கு வைஃபை வேண்டாம். கேபிளிலும் நொடிக்கு 11, 12 எம்பிக்கு மேல் போகவில்லை என்றால் இணைப்பு 100 மெகாபிட்டில் நிற்கிறது. கிகாபிட் இணைப்பு சுமார் 110 எம்பி தரும். 50 ஜிபி கல்யாண வீடியோ முதலாவதில் ஒரு மணி நேரத்துக்கு மேல், இரண்டாவதில் எட்டு நிமிடத்துக்குள்.

எங்கள் வீட்டில் இது நடந்தது. ரூட்டர் கிகாபிட், இரண்டு கணினியும் கிகாபிட், ஆனாலும் 11இலேயே நின்றது. டெர்மினலில், இணைப்பு வேகத்தைக் காட்டும் 'ஈத்டூல்' 100 என்றது. சமையலறை ஜன்னல் ஓரமாக மாடிக்கு ஏறும் கேபிளின் முனையைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். எட்டு வயரில் ஓரத்தில் உள்ள பழுப்பு வயரின் பித்தளைப் பல்லில் பச்சை பூத்திருந்தது. காசிமேட்டுக் கடல் காற்று, இங்கே ஜன்னல் கம்பியே மூன்று வருஷத்தில் உதிரும். 100 மெகாபிட்டுக்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு வயர் போதும். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். நீலமோ பழுப்போ போனால் இணைப்பு அறுந்துபோவதில்லை, பெரும்பாலான கார்டுகள் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். அதனால்தான் யாருக்கும் தெரிவதில்லை. முனையை ஒரு அங்குலம் வெட்டி, புது கனெக்டர் வைத்து கிரிம்ப் செய்தேன். 108.

ஆயிரக்கணக்கில் சின்னச் சின்ன ஃபைல் என்றால் கிகாபிட்டிலும் ஊரும். ஒவ்வொன்றுக்கும் திற, எழுது, மூடு என்று பேச்சுவார்த்தை நடக்கிறது. ஜிப் செய்து அனுப்புங்கள்.

ஒரே கணினியில் விண்டோஸ், லினக்ஸ் இரண்டும் இருக்கிறது. லினக்ஸில் விண்டோஸ் டிரைவில் எழுத முடியவில்லை.

விண்டோஸின் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்'. ஷட் டவுன் செய்தாலும் முழுக்க அணையாமல் பாதித் தூக்கத்தில் போகிறது. லினக்ஸ் அந்த டிரைவைத் தொடப் பயந்து படிக்க மட்டும் திறக்கிறது. அதை அணைத்துவிட்டு ஒரு முறை முழுதாக ஷட் டவுன் செய்யுங்கள். கடிகாரம் ஐந்தரை மணி நேரம் முன்னும் பின்னும் குதித்தால், லினக்ஸில் 'டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1'.

எல்லாம் மாடிப் பெட்டியில் இருக்கிறதே, அதுவே பேக்கப்தானே?

இல்லை. கீழே விண்டோஸில் பூட்டு வைரஸ் வந்தால், மேப் செய்த டிரைவ் வழியாக மாடிக்கும் ஏறி எழுத முடிந்ததை எல்லாம் பூட்டிவிடும். லினக்ஸுக்கு வைரஸ் வராது என்ற பெருமை இங்கே உதவாது. எழுத உரிமை கொடுத்ததே நாம்தான். போட்டோ ஃபோல்டரை நான் படிக்க மட்டும் பகிர்ந்திருக்கிறேன். கடைக் கணக்கை ராத்திரி 'ஆர்சிங்க்' என்ற காப்பி எடுக்கும் நிரல் வழியாகப் பகிரப்படாத இன்னொரு டிஸ்கில், கிழமைக்கு ஒரு ஃபோல்டராக லினக்ஸே இழுத்துக்கொள்கிறது.

பெட்டி மாடியில் இருப்பதற்கும் காரணம் உண்டு. 2023 டிசம்பர் மிக்ஜாம் மழைக்கு முன் அது கடையில், தரையோடு தரையாக இருந்தது. தண்ணீர் படியேறுவதற்குள் நானும் சித்தப்பாவும் தூக்கிக்கொண்டு மேலே ஓடினோம். அப்புறம் கீழே இறக்கவே இல்லை.

ஒரே ஒரு ஃபைல் அனுப்ப இவ்வளவும் வேண்டுமா?

வேண்டாம். ஃபைல் இருக்கும் ஃபோல்டரில் டெர்மினல் திறந்து 'பைத்தான்3 -எம் எச்டிடிபி.சர்வர்' அடியுங்கள். விண்டோஸ் பிரவுசரில் லினக்ஸ் பெட்டியின் எண்ணோடு முக்காற்புள்ளி, 8000 போட்டால் பட்டியல் வரும், இறக்கிக்கொள்ளலாம். ஃபயர்வால் இருந்தால் 8000ஐ அதுவரை திறக்க வேண்டும். வேலை முடிந்ததும் கன்ட்ரோல்-சி அடித்து நிறுத்த மறக்காதீர்கள். பாஸ்வேர்டு எதுவும் இல்லாத வழி அது. செல்போனும் சேர்ந்து வேண்டுமென்றால் 'லோக்கல்சென்ட்' நல்லது. இரண்டு பக்கமும் எப்போதும் ஒரே மாதிரி இருக்க வேண்டிய ஃபோல்டருக்கு 'சிங்க்திங்'.

பென் டிரைவிலேயே எடுத்துப் போகலாம் என்றால், 6 ஜிபி வீடியோ ஏற மாட்டேன் என்கிறது. டிரைவில் 20 ஜிபி காலியாக இருக்கிறது.

டிரைவ் ஃபேட்32 வடிவில் இருக்கிறது. அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. உள்ளே இருப்பதை வேறிடத்தில் எடுத்து வைத்துவிட்டு எக்ஸ்ஃபேட்டாக ஃபார்மட் செய்யுங்கள். லினக்ஸின் மையமான கெர்னலில் 2019இல் வந்த 5.4 பதிப்பிலிருந்து அதற்கான டிரைவர் உள்ளேயே இருப்பதால் இரண்டு பக்கமும் எழுதும். பிடுங்குவதற்கு முன் லினக்ஸில் 'எஜெக்ட்' கொடுத்துவிட்டுக் காத்திருங்கள். காப்பி முடிந்தது என்று திரை சொன்ன பிறகும் மெதுவான டிரைவில் எழுதுவது இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்.